ஐஸ் ஹாக்கி விளையாடும் நம் பிள்ளைகள்: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

மகனை ஓர் இளையர் ஐஸ் ஹாக்கி அணியில் சேர்த்துவிட்டு, பின்னர் அதே அணியின் தொண்டூழியப் பொறுப்பாளராகிவிட்டவன் நான். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வளர்கிற பிள்ளை என்பதால் மகளுக்கு ஓர் எண் பெரிய ஸ்கேட் வாங்கலாமா? (உட்லண்ட்ஸ் தாயார்)

வேண்டாம். ஸ்கேட்டின் எண் பொதுவாகக் காலணி எண்ணைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாகவே அமையும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடக்கியதும் குதிகால் பின்னுக்குச் சென்று பொருந்தி, விரல்களுக்குச் சற்றே இடம் கிடைக்க வேண்டும். பெரிய ஸ்கேட்டில் கணுக்கால் ஆடும். என் மகனுக்கு நானும் பெரியதாகத்தான் வாங்கினேன். இரண்டு மாதம் அவன் பனித்தளத்தின் ஓரச் சுவரை விடவே இல்லை. புதிதாக வாங்குவதற்கு முன் அணியில் மூத்த பிள்ளைகளின் பழைய ஸ்கேட் கிடைக்குமா என்று கேளுங்கள். கோல்காப்பாளரின் கவசங்களை எங்கள் அணி பொதுவில் வாங்கி வைத்திருக்கிறது; ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கக்கூடிய செலவல்ல அது.

முட்டி மோதும் ஆட்டமாயிற்றே? (பாசிர் ரிஸ் தந்தை)

பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். கனடாவிலேயே 2013 முதல் 11, 12 வயதுப் பிரிவில் உடலால் மோதித் தடுப்பதற்கு அனுமதியில்லை. முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிக்கூடும் கழுத்துக் காப்பும் இல்லாமல் எங்கள் பிள்ளைகளைத் தளத்தில் இறக்குவதில்லை. பந்துக்குப் பதிலாகச் சறுக்கிச் செல்லும் ரப்பர் வட்டு 170 கிராம் வரை எடையுள்ளது என்பதை மறக்க வேண்டாம்.

கவசங்களின் நாற்றம் வீட்டையே நிறைக்கிறது. என்ன செய்வது? (ஈசூன் தாயார்)

நம் ஊர் ஈரப்பதத்தில் மூடிய பை ஒரே இரவில் பூஞ்சை பிடித்துவிடும். வீடு திரும்பியதும் எல்லாவற்றையும் துணிக் கழியில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஸ்கேட்டின் இரும்புத் தகட்டைத் தளத்திலேயே துடைத்துவிடுங்கள், இல்லையேல் துரு ஏறும்.

பயிற்சி நேரம் ஏன் இவ்வளவு அகாலத்தில் அமைகிறது? (ஜூரோங் தந்தை)

பனித்தளம் அரிது என்பதுதான் காரணம். ஜூரோங் ஈஸ்ட்டின் ஜேகியூப் கடைத்தொகுதியில் 2012-இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக் அளவுத் தளம் 2023 ஆகஸ்ட்டில் கட்டடத்தோடு மூடப்பட்டது. பகலில் பொதுமக்கள் சறுக்கும் தளத்தில் எஞ்சிய நேரமே அணிகளுக்குக் கிடைக்கிறது.

கனடாவின் சிற்றூர்கள் ஓர் இளையர் அணியை ஏன் இப்படிக் கொண்டாடுகின்றன? (செங்காங் வாசகர்)

அந்த அணி ஊரின் உடைமை என்பதால்தான். சாஸ்கட்சுவானிலுள்ள ஹம்போல்ட் சுமார் 6,000 பேர் வாழும் ஊர். வெளியூரிலிருந்து வரும் 16 முதல் 20 வயது வரையிலான ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறு போடுகின்றன. 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி ஹம்போல்ட் பிராங்கோஸ் அணியின் பேருந்து லாரியுடன் மோதி 16 பேர் இறந்தபோது, கனடா முழுவதும் மக்கள் தம் வீட்டு வாசலில் ஹாக்கி மட்டைகளைச் சாத்தி வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், உயிர் பிழைத்தவர்களில் இருவரும் இடம்பெற்ற புதிய அணி, சொந்தத் தளத்தில் மீண்டும் ஆடியது.

தாத்தா பாட்டியை ஆட்டம் பார்க்க அழைத்து வரலாமா? (பிடோக் தாயார்)

தாராளமாக. ஆளுக்கொரு கம்பளிச் சட்டையும் ஒரு குடுவை சூடான தேநீரும் கொண்டு வாருங்கள்.