லீவு போட்டாயிற்று, பக்கம்தான் ஏறவில்லை

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை. வயது 55. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் புளி தட்டும், அதாவது புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கும், பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுத ஆசை. என் அம்மாவும் அந்த வேலை செய்தவர்தான்; இப்போது 81 வயது. இதற்காக 120 நாள் ஈட்டிய விடுப்பு எடுத்திருக்கிறேன். 35 நாள் போய்விட்டது, 11 பக்கம்தான் ஆகியிருக்கிறது. மனு எழுத, பிழை பார்க்க என்று ஆள் வருவதும் போவதுமாக நாள் ஓடிவிடுகிறது. இதற்கிடையில் ஒருவர், 38,000 ரூபாய் கொடுத்தால் ஐ.எஸ்.பி.என். எண், வெளியீட்டு விழா, விருது எல்லாம் சேர்த்துப் புத்தகம் போட்டுத் தருகிறேன், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா? மிச்சமிருக்கும் நாள்களை எப்படி வைத்துக்கொள்வது? எழுதிய பதினோரு பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். (அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்)

பதில்: பணம் கட்டாதீர்கள் டீச்சர். காரணத்தைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன். எழுதி முடிக்காத புத்தகத்துக்கு விழாத் தேதி குறிக்கிறவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போவதில்லை. இப்போதைக்கு இது போதும்.

முதலில் உங்கள் லீவுக்கு என்ன விலை என்று பார்ப்போம். கல்லூரியில் இணைப் பேராசிரியராகவோ பேராசிரியராகவோ ஏழு ஆண்டு இருந்தவர், ஆய்வுக்கும் எழுத்துக்கும் என்று முழுச் சம்பளத்தோடு ஒரு வருடம் வரை விடுப்பு கேட்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் இடம் இருக்கிறது. பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கோடை விடுமுறையைக் காரணம் காட்டி வருடத்துக்கு 17 நாள்தான் ஈட்டிய விடுப்பு. மற்ற அரசு ஊழியருக்கு 30. சேர்த்து வைத்தாலும் 240-க்கு மேல் ஏறாது. ஓய்வு பெறும்போது அந்த 240 நாளும் சம்பளக் கணக்கில் பணமாகக் கைக்கு வரும். உங்கள் கணக்கில் 240 முழுதாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 120 எடுத்துவிட்டீர்கள். 60 வயதுக்குள் திரும்பச் சேருவது ஐந்து வருடத்துக்கு 85 நாள். ஆக 35 நாள் சம்பளத்தை உங்கள் கைக்காசாகப் போட்டுத்தான் இந்தப் புத்தகத்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்த ஒருவர் தானே எழுத நினைத்தால், ஓய்வுக்காலப் பணத்திலிருந்து நாள் வாங்க வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை. கல்வித் துறையில் யாருக்கும் இது ஒரு குறையாகவே தெரியவில்லை என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

சரி, அந்தப் பதினோரு பக்கம். முப்பது வருடமாக அடுத்தவர் பிரதியைத் திருத்தியே பிழைத்தவன் நான். ஆசிரியர்களின் பிரதியில் ஒரு அடையாளம் இருக்கும்: முதல் பக்கம் பளபளவென்று இருக்கும், கடைசிப் பக்கம்தான் உயிரோடு இருக்கும். உங்களுடையதும் அப்படியே. முதல் பக்கம், அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்ததில் ஆரம்பிக்கிறது. தருமபுரியைப் பற்றி எனக்கு வரும் பிரதிகளில் பாதிக்கு மேல் அந்த நெல்லிக்கனியில்தான் ஆரம்பிக்கின்றன. அப்புறம் தகடூரின் தொன்மை, மாவட்டத்தின் புளிய மரங்கள், புளியின் மருத்துவக் குணம். முன்னுரை, பொருளுரை என்று பத்தாம் வகுப்பு விடைத்தாளின் ஒழுங்கு. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி வருகிறது: ‘ராத்திரி அம்மா எங்களைத் தட்டிக்கொடுக்கும்போது உள்ளங்கை சொரசொரவென்று இருக்கும், புளிவாசம் அடிக்கும்.’ இதுதான் உங்கள் முதல் வரி. முன்னால் இருக்கிற எட்டுப் பக்கத்தையும் எடுத்து ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். கிழிக்க வேண்டாம். மனசு கேட்காது என்று தெரியும்.

நீங்கள் எழுதவில்லை என்று நான் நம்பவில்லை. எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஒரு வரி எழுதினதுமே உள்ளே இருக்கிற டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுகிறார். அதனால் அடுத்த 40 நாளைக்கு ஒரு விதி. எழுதுங்கள், திரும்பிப் படிக்காதீர்கள். ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள்கள் பள்ளியில் நிறையக் கிடக்குமே, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். நல்ல நோட்டில் நல்ல பேனாவால் எழுதினால் கை தானாகவே அழகாக எழுதப் பார்க்கும். அன்றன்று எழுதியதை ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று தாள். 40 நாளில் 120 தாள் ஆகிவிடும். பிறகு மிச்சம் 45 நாள் இருக்கிறது. சிவப்புப் பேனாவை அப்போது எடுத்துக்கொள்ளலாம், அதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை.

அடுத்து வீடு. டீச்சர் லீவில் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பட்டா மாறுதலுக்கு மனு, உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு, கல்யாணப் பத்திரிகையில் பிழை பார்ப்பது என்று ஆள் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலில் ஆள் இருக்குமே! வராதீர்கள் என்று சொல்ல உங்களால் முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் புத்தகத்தில் இருக்கிற பெண்கள்தான் அந்த மனுவோடு வருகிறார்கள். ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு வரை மனு எழுதித் தருவேன் என்று சொல்லிவிடுங்கள். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிடும். டியூஷன் கேட்டு வருகிறவரிடம் ஒரே பேச்சாக முடியாது என்று சொல்லுங்கள். அரசு ஆசிரியர் காசுக்கு டியூஷன் எடுக்கக் கூடாது, லீவிலும் அதே விதிதான்.

மற்ற நாள்களில் வீட்டில் உட்காராதீர்கள். பள்ளிக்குக் கிளம்புகிற அதே நேரத்துக்குக் குளித்து, புடவை கட்டி, சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நூலகமோ, தெரிந்தவர் வீட்டு மாடி அறையோ, எதுவானாலும் சரி. வீட்டில் நைட்டியோடு உட்கார்ந்து எழுதுகிறவரை யாரும் வேலை செய்கிறவராக மதிப்பதில்லை. பையோடு பஸ் ஏறுகிறவரை மதிக்கிறார்கள். மதியம் ஒரு மணி வரை எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். காலை வேளையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். புளி தட்டுகிற பெண்களும் பகலில் கிடைக்க மாட்டார்கள். களை எடுக்கப் போவார்கள், நூறு நாள் வேலைக்குப் போவார்கள். ராத்திரி களி கிண்டி இறக்கின பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களோடு அப்போது பேசுங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி அந்த 38,000 ரூபாய். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் மாதம் ஒரு ஆசிரியராவது இந்தக் கண்ணியில் மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்.

ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண். இந்தியாவில் அது இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது. எழுதியவரே சொந்தமாக வெளியிடுவதாக இருந்தால், அவரே இணையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அந்த எண் இருப்பதால் புத்தகம் நல்ல புத்தகம் என்றோ, அரசு அங்கீகரித்தது என்றோ ஆகாது. ரேஷன் கார்டு எண் மாதிரிதான். இதற்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று பில் போடுகிறார்கள்.

‘கொல்கத்தா தேசிய நூலகத்தில், சென்னை கன்னிமாரா நூலகத்தில் உங்கள் நூல் இடம்பெறும்’ என்று ஒரு வரி அந்த நோட்டீசில் இருக்கும், பாருங்கள். 1954-ஆம் வருடச் சட்டப்படி, புத்தகம் வெளியிடுகிற ஒவ்வொருவரும் அந்த நூலகங்களுக்குப் படி அனுப்பியே ஆக வேண்டும். கடமையைச் சலுகை என்று சொல்லி விற்கிறார்கள். விருதும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்குகிற சால்வையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கட்டமாக ‘கௌரவ டாக்டர்’ என்று வருவார்கள். 1956-ஆம் வருட மானியக் குழுச் சட்டத்தின்படி, பட்டம் கொடுக்கிற அதிகாரம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் அந்தச் சட்டம் இடம் கொடுத்த நிறுவனங்களுக்கும்தான். ஏதோ ஒரு ஓட்டல் ஹாலில் கொடுக்கிற பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பப் போகாதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய கண்ணி, ஒப்பந்தத் தாள். ‘முழு உரிமையும் நிரந்தரமாகப் பதிப்பாளருக்கே’ என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருக்கும். ஒரு படைப்பை எழுதின அந்த நிமிடமே பதிப்புரிமை உங்களுடையது; அதற்குப் பதிவு கூடத் தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 வருடத்துக்கும் அது நிற்கும். வாயால் சொல்லி யாருக்கும் மாற்ற முடியாது, எழுத்தில் கையெழுத்து வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை ஞாபகமாகச் சேர்க்கிறார்கள். அந்தச் சொல் இருந்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைக் காவேரிப்பட்டணத்தில் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். கட்டிலைத் தள்ளிக் காட்டினார். கீழே 300 பிரதி, பிளாஸ்டிக் கயிறு கட்டினபடியே. விழாத் தேதிக்கு முன்னால் அச்சாக வேண்டும் என்று அவசரப்படுத்தி, மெய்ப்பு பார்க்கக் கூட அவருக்கு நாள் கொடுக்கவில்லை. முதுகு அட்டையில் அவர் பெயரிலேயே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைத் திருத்தினவர், தன் பெயரில் இருந்த பிழையைத் திருத்த வழியில்லாமல் ஒவ்வொரு பிரதியிலும் பேனாவால் அந்த எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பிரதி முடிந்திருந்தது. இதை நான் மறக்கவே மாட்டேன்.

உங்கள் கையெழுத்துப் பிரதி முடியட்டும். முடிந்ததும் தட்டச்சு செய்து, நம்பிக்கையான இரண்டு பேருக்குப் படிக்கக் கொடுங்கள். பிறகு, எழுதியவரிடம் பணம் வாங்காத பதிப்பகங்களுக்கு அனுப்புங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுதான் இந்தத் தொழிலின் வேகம். ஒருவருமே எடுக்கவில்லை என்றால், ஐம்பது, நூறு பிரதி மட்டும் நீங்களே அச்சடித்துக்கொள்ளலாம். இன்றைக்கு அது சுலபம்.

துறைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, உங்களுக்கும் பொருந்தும். புத்தகம் வெளியிடப் போவதை எழுத்து மூலம் முறையாகத் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு ஆணையின் நகல் கையில் இருக்கட்டும். அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலியில் ஏறியிருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல், பணிப்பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று நேரில் போய்க் கண்ணால் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து ஓய்வூதியக் கோப்பு போகும்போது இந்த ஒரு வரி இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். அன்றைக்கு அந்த எழுத்தர் வேறு ஊரில் இருப்பார்.

காலை வேளையை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றேன். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, உங்கள் அம்மா. 81 வயது. வயதானவர்களுக்கு ஞாபகம் நாம் கேட்கிற நேரத்துக்கு வராது. விடியற்காலையில் காபி குடிக்கும்போது வரும், குளித்துவிட்டு வெயிலில் தலை காய வைக்கும்போது வரும். அப்படி அவர் பேச ஆரம்பித்தால் பஸ்ஸை விட்டுவிடுங்கள். அன்றைக்கு மூன்று தாள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொன்ன 40 நாள் கணக்கு 60 ஆனாலும் பரவாயில்லை. மற்ற பெண்களிடம் ராத்திரி போய்க் கேட்கலாம், நாளைக்கும் கேட்கலாம், அடுத்த வருடம் லீவு இல்லாமலும் கேட்கலாம். இவரிடம் அப்படித் தள்ளிப்போட முடியாது. கேள்வி கேட்காதீர்கள், ‘உங்கள் காலத்தில் எப்படி இருந்தது’ என்று ஆரம்பித்தால் ‘கஷ்டம்தான்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். கடையில் ஒரு கிலோ ஓட்டுப்புளி வாங்கி வந்து, முறத்தையும் சின்னச் சுத்தியலையும் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்களே தப்பாகத் தட்ட ஆரம்பியுங்கள். கொட்டை நசுங்கும். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், கையிலிருந்து பிடுங்குவார். போனைப் பதிவில் போட்டு முறத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நார் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருங்கள்.