போவதும் ஃபாஸ்ட், போகாததும் ஃபாஸ்ட்

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். தோலை வெள்ளைக் கம்பளித் துண்டால் தேய்த்துப் பார்த்து 1 முதல் 5 வரை மார்க் போடுவோம். சாயம் ஒட்டவே இல்லை என்றால் 5. அப்படிப்பட்ட தோலை 'கலர் ஃபாஸ்ட்' என்கிறோம். அந்த நேரத்தில் சூப்பர்வைசர் 'ஃபாஸ்ட், ஃபாஸ்ட்' என்று விரட்டுவார். ரம்ஜான் மாதத்தில் பக்கத்து மேஜை நண்பர் நோன்பு வைத்தால் அதுவும் ஃபாஸ்ட்டிங். மூன்றும் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒரே எழுத்தில் அமைந்துவிட்டதா?

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே சொல்தான். அதில் மூத்தது உங்கள் சூப்பர்வைசர் சொல்வது அல்ல, உங்கள் தோல் சொல்வது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உறுதியான, அசையாத என்றுதான் பொருள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் கெட்டியான பொருளை 'ஃபெஸ்ட்' என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் கோட்டைக்கே 'ஃபேஸ்டென்' என்று ஒரு பெயர் உண்டு. வேலூர்க் கோட்டையும் அகழியும் அந்தப் பெயருக்கு நன்றாகவே பொருந்தும். ஃபாஸ்ட் அஸ்லீப் என்றால் அவசர அவசரமாகத் தூங்குவது இல்லை, அடித்துப் போட்டாற்போல் கிடப்பது. சாயத்துக்கு நம் ஊரில் 'கெட்டிச் சாயம்' என்பார்களே, அதுதான் நேர்ச் சொல். (வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கெட்டிச் சாயம் என்று சத்தியம் செய்து ஒரு சிவப்புத் துண்டு கொடுத்தார்கள். ஒரே சலவையில் என் நான்கு வேட்டியும் ரோஸ் ஆனது. அந்தத் துண்டு ஃபாஸ்ட்தான், இரண்டாவது அர்த்தத்தில்.)

சரி, கெட்டியானது எப்படி ஓட ஆரம்பித்தது? முதலில் வினையோடு சேர்ந்துதான் அர்த்தம் நகர்ந்தது. கெட்டியாகப் பிடி என்பது பலமாக அடி என்று ஆனது. பலம் கொடுத்து ஓடு என்றால் வேகமாக ஓடு என்றுதானே ஆகும்? அப்புறம் அந்த வேகம் ரயிலுக்கும் ஒட்டிக்கொண்டது.

இதை ஆங்கிலத்தின் கோணல் புத்தி என்று சிரித்துவிட முடியாது. நம் 'கடு' இதே பாதையில்தான் போயிருக்கிறது. கடுமை என்றால் வன்மை. ஆனால் 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான். 'கடிது' என்றாலும் விரைவுதான். இலங்கைத் தமிழர்கள் எக்ஸ்பிரஸ் ரயிலைக் கடுகதி என்கிறார்கள். கெட்டிமேளத்தையும் யோசித்துப் பாருங்கள். தாலி கட்டும்போது கெட்டியாகவா அடிக்கிறார்கள், வேகமாகவா? இரண்டும்தான்.

நோன்பு விஷயம் எனக்கு இன்னும் பிடித்தது. ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உறவான, இன்று வழக்கில் இல்லாத காதிக் (Gothic) மொழியில் 4ஆம் நூற்றாண்டிலேயே 'ஃபாஸ்தான்' என்ற வினை இருக்கிறது. காத்தல், கைக்கொள்ளல், உண்ணாதிருத்தல் எல்லாம் அதுதான். விதித்ததை விடாமல் பிடித்துக்கொள்வது, பட்டினி அதற்குள் அடங்கிவிட்டது. தமிழில் மட்டும் என்ன? நோன்பின் வேர் 'நோல்', அதாவது பொறுத்தல். 'உற்றநோய் நோன்றல்' என்கிறது குறள் (261). நோன்மை என்றால் வலிமை. நோன்பு பிடிப்பது என்றே சொல்கிறோம், அதை மாலையில் திறக்கவும் செய்கிறோம். ஆங்கிலேயன் அதைக் காலையில் இட்லி நேரத்தில் உடைக்கிறான், பிரேக்ஃபாஸ்ட் என்று.

ஆனால் இதை நம்பி எல்லாச் சொல்லையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கிவிடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் லைட் கலர் என்றும் லைட் வெயிட் என்றும் அடுத்தடுத்து வரும். அவற்றின் வேர்கள் வேறு. ஜெர்மனில் வெளிர் நிறத்துக்கு 'லிக்ட்', கனமில்லாததற்கு 'லைக்ட்' என்று இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆங்கிலத்தில்தான் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.