மூலைக் கடைக்கு இரண்டு முகவரி, தெருப் பெயர் தமிழிலும்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எப்படிப் பதிவது?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மூலைக் கடைக்கு இரண்டு தெருவிலும் வாசல், இரண்டு முகவரி, தெருப் பெயர் தமிழிலும் வரவேண்டும், இதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், அதாவது யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில், எப்படிப் பதிவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தமிழைக் கடையின் முகவரியில் எழுதாதீர்கள், சாலைக்கு எழுதுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சிராங்கூன் சாலை தனிப் பொருள். அதன் 'நேம்' புலத்தில் தெருப் பலகையில் உள்ள ஆங்கிலப் பெயர் இருக்கும், பக்கத்திலேயே நேம், முக்காற்புள்ளி, டிஏ (தமிழின் மொழிக் குறியீடு) என்று தமிழுக்கான புலத்தைச் சேர்க்கலாம். நீளமான சாலைகளைத் துண்டு துண்டாகத்தான் வரைந்திருப்பார்கள், எல்லாத் துண்டிலும் சேர்த்துவிடுங்கள். கடை முகவரியில் உள்ள தெருப் பெயரும் சாலையின் நேமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் நாமினேட்டிம் என்ற தேடல் மென்பொருள் இரண்டையும் இணைத்துக்கொள்ளும், அப்புறம் தமிழில் தேடினாலும் கடை கிடைக்கும். கடைக்குக் கடை எழுதினால் ஒருவர் சாலை என்பார், அடுத்தவர் ரோடு என்பார், யாராலும் திருத்தி மாளாது. பிரஸ்ஸல்ஸில் நேம் புலத்திலேயே பிரெஞ்சும் டச்சும் சேர்ந்து இருக்கும், அங்கே பலகையே அப்படித்தான். இங்கே பலகையில் இல்லாத தமிழை நேமில் திணித்தால் யாராவது அழித்துவிடுவார்கள், உழைப்பு வீண்.

சரி, இரட்டை முகவரி. எண்களுக்கு நடுவே அரைப்புள்ளி போட்டு ஒரே புலத்தில் எழுதும் வழக்கம் உண்டு. ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு கடைவீடுகளைச் சேர்த்து ஒரே கடையாக நடத்தினால் அது பொருந்தும். தெரு வேறு வேறு என்றால் செய்யாதீர்கள், எந்த எண் எந்தத் தெருவுக்கு என்ற இணைப்பே அறுந்துபோகும். அதற்குப் பதில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு புள்ளி வைத்து, அதில் அந்தத் தெரு, அந்த எண், அந்த அஞ்சல் குறியீடு என்று முழுதாகக் கொடுங்கள். கட்டடத்தின் வெளிக்கோட்டில் முகவரி வேண்டாம். அஞ்சல் குறியீட்டை மட்டும் கண்ணால் பார்த்து எழுதுங்கள். 1995 முதல் இங்கே ஆறு இலக்கம், கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். தேக்கா சென்டர் சந்தை பஃபலோ ரோட்டில் புளோக் 665, குறியீடு 210665 என்று எண்ணோடு ஒத்துப்போவதைப் பார்த்துவிட்டு கடைவீட்டுக்கும் அப்படியே ஊகித்துவிடக் கூடாது.

தேக்கா என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தச் சந்தைக்குக் கொஞ்சகாலம் சூஜியாவ் சென்டர் என்று பெயர் இருந்தது. இப்படிப்பட்ட பெயர்களுக்குப் 'பழைய பெயர்' என்று தனிப் புலமே உண்டு, பெரியவர்கள் சொல்லும் பெயர்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மக்கள் இன்றும் புழங்கும் இன்னொரு பெயர் இருந்தால் அது மாற்றுப் பெயர்ப் புலத்துக்குப் போகும், அதற்கும் பின்னால் டிஏ சேர்த்துத் தமிழில் எழுதலாம். வேறு வரைபடங்களைப் பார்த்து எதையும் நகலெடுக்காதீர்கள், உரிமம் இடம் தராது. நேரில் போய்ப் பலகையைப் பாருங்கள், கடைக்காரரிடமே கேளுங்கள்.