காசியின் கரையும் கங்கையின் வளைவும்: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து காசி யாத்திரைக்கு ஆயத்தமாகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கல்லடி, ஆசிரியை: கிழக்கே போகிற கங்கை காசியில் வடக்கே ஓடுகிறதாமே, உண்மையா சேர்?

உண்மைதான் தங்கச்சி. சுனார் என்ற ஊர்ப் பக்கமிருந்து வரும் ஆறு காசியில் பிறை வடிவில் வளைந்து வடக்கு முகமாக ஓடி, நகரின் வடக்கு முனையிலுள்ள ராஜ்காட் தாண்டியதும் திரும்பக் கிழக்கே போகிறது. தான் பிறந்த இமயத்தின் திசையைக் கங்கை திரும்பிப் பார்க்கும் இடம் என்று பக்தர்கள் கொண்டாடுவது இதைத்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வடக்கே ஓடுவதால் நகரம் மேற்குக் கரையில், கிழக்கு முகமாக அமைந்துவிட்டது. விடியற்காலையில் படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றால் சூரியன் நேர் எதிரே எழும்பும். அர்க்கியம் கொடுக்க இதைவிட வாய்ப்பான கரை வேறெங்கே!

அக்கரைப்பற்று, மாணவன்: எதிர்க்கரை ஏன் வெறும் மணலாகக் கிடக்கு?

வளைவின் வெளிப்பக்கத்தில் ஆறு அரிக்கும், உட்பக்கத்தில் மணலைக் கொட்டும் மகன். காசி வெளிப்பக்கம். அரிபட்டுப் போயிருக்க வேண்டிய நகரம் நிற்பதற்குக் காரணம், சுண்ணாம்புக் கட்டிகள் செறிந்து இறுகிய களிமண் மேடு. அங்கே அதைக் 'கங்கர்' என்பார்கள். எதிர்க்கரையோ மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும்.

அதற்காக எந்தப் பாரத்தையும் தாங்குகிற கரை என்று எண்ண வேண்டாம். சிந்தியா படித்துறை 19ஆம் நூற்றாண்டில் தன் பாரத்தாலேயே ஆற்றுக்குள் இறங்கி, பிறகு திருத்திக் கட்டப்பட்டது. பக்கத்தில் இரத்தினேசுவரர் கோயில் இன்றும் சாய்ந்தபடி நிற்கிறது. படகில் போகும்போது பாருங்கள்.

களுவாஞ்சிகுடி, வியாபாரி: கோயிலால் ஊர் வளர்ந்ததா, வியாபாரத்தாலா?

இரண்டையும் பிரிக்க முடியாது அண்ணன். வருணை என்ற சிற்றாறு கங்கையில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ராஜ்காட் மேடு இருக்கிறது. மிகப் பழைய குடியிருப்பை அங்கேதான் தோண்டி எடுத்தார்கள். வெள்ளம் எட்டாத மேடு, மூன்று பக்கமும் காவலாகத் தண்ணீர், ஆற்றைக் கடக்கத் தோதான துறை. பாடலிபுத்திரத்துக்கும் தட்சசீலத்துக்கும் போன வணிகப் பாதை அந்த வழியாகத்தான் சென்றது. 1887இல் ரயில் பாலம் திறந்ததும் அதே இடத்தில்தான்.

திருக்கோவில், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்: எங்கள் ஊரில் தீர்த்தம் கடலில், மாமாங்கத்தில் குளத்தில். காசியில் கங்கை மட்டும்தானா?

ஐயா, நான் சொல்ல ஆசைப்பட்ட விசயமே இதுதான். பழைய காசி குளங்களின் ஊர். மூன்று மேடுகள், நடுவில் பள்ளங்கள், ஏரிகள், ஓடைகள். ஓங்காரம், விசுவேசுவரம், கேதாரம் என்று அந்த மூன்று மேடுகளையும் மூன்று கண்டங்களாக வகுத்து வழிபட்டார்கள். வடக்கே மச்சோதரி என்ற ஏரி. சாதாரண நாட்களில் அதன் தண்ணீர் வருணை வழியாகக் கங்கைக்குப் போகும். பெருமழையில் கங்கை உயர்ந்துவிட்டால் வருணையால் வெளியேற முடியாது; தண்ணீர் எதிர்த்து ஏறி மச்சோதரிக்குள் புகும். அதுவும் நிரம்பி ஊருக்குள் தெற்கு நோக்கி ஓடி, தசாசுவமேதப் படித்துறையில் மறுபடி கங்கையில் விழும். அப்போது விசுவநாதர் மேடு கங்கை சூழ்ந்த தீவாகும். முகத்துவாரம் அடைபட்டு வாவி எதிர்த்து ஏறுவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாம் வெள்ளம் என்று பயப்படுகிற அந்த நாளை அவர்கள் கிடைத்தற்கரிய புண்ணிய காலம் என்று நீராடினார்கள். நிலத்தை அவ்வளவு நுணுக்கமாகக் கவனித்த சனங்கள்!

1820களில் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அதிகாரி வடிகால் வெட்டி மச்சோதரியை வற்றவைத்தார். சுகாதாரத்துக்காகச் செய்ததுதான். ஆனால் அந்தப் புண்ணிய காலமும் அதோடு போயிற்று. கோதௌலியாவிலிருந்து தசாசுவமேதத்துக்கு இறங்கும் தெருவில் நடக்கும்போது, பழைய ஓடையின் தடத்தில் நடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆரையம்பதி, குடும்பத் தலைவி: தமிழ் ஆட்கள் எந்தப் பக்கம் இருக்கினம்?

தெற்கே, கேதார் காட், அனுமான் காட் பக்கம் அக்கா; காட் என்றால் படித்துறை. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் கேதார் காட்டில் இருக்கிறது. பாரதியார் இளமையில் தங்கியிருந்தது அனுமான் காட்டில்.

அதே அக்கா: எந்த மாதம் போகலாம்?

ஆடி, ஆவணி வேண்டாம். படிகள் தண்ணீருக்குள் இருக்கும், படகும் ஓடாது. 1978 செப்டெம்பரில் ஆறு 73.9 மீற்றர் வரை ஏறியது; அபாய மட்டம் 71.26தான். வெள்ளம் ஏறினால் ஆரத்தியை மாடியில் காட்டுவார்கள், தகனம்கூட மேலே மாறும். மார்கழி, தையில் மூடுபனி சூரியனை மறைத்துவிடும். கார்த்திகை அல்லது மாசியில் போங்கள். காலையில் படகைத் தெற்கு முனையிலுள்ள அசிப் படித்துறையில் பிடித்து வடக்கே விடச் சொன்னால், ஆற்றோட்டத்தோடு ராஜ்காட் வரை முழு வளைவையும் பார்க்கலாம்.