பழைய கணினியில் இருக்கும் மெயில்களைப் புதிய டேப்லெட்டுக்கு எப்படி மாற்றுவது?

உங்கள் மெயில்கள் பழைய மேசைக் கணினிக்குள்ளேயே கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜிமெயிலை பிரவுசரில் மட்டுமே பார்த்து வந்தவர் என்றால் இதைப் படிக்க வேண்டியதே இல்லை. டேப்லெட்டில் அதே முகவரியைப் போட்டால் எல்லாம் வந்து நிற்கும்.

எனக்கு அப்படி வரவில்லை. சொந்த ஊர் கம்பம், பிழைப்பு மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம், சின்ன ஏலக்காய்த் தோட்டம். மகள் குவைத்தில் நர்ஸாக இருந்தபோது 2008-இலிருந்து ஆறு வருஷம், வாரம் தவறாமல் மெயில் போடுவாள். பிராட்பேண்ட் இணைப்போடு கொடுத்த முகவரி. அதைக் கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் பாப் முறையில் இறக்கிக்கொண்டிருந்தேன். பாப் என்பது தபால்காரர் வேலை. கடிதத்தை வீட்டில் போட்டதும் அவர் பையில் ஒன்றும் மிஞ்சாது. 'சர்வரில் (அதாவது மெயில் கம்பெனிக்காரனின் கணினியில்) ஒரு நகல் இருக்கட்டும்' என்று அமைப்பில் சொல்லி வைத்திருந்தால் மிஞ்சியிருக்கும். நான் சொல்லவில்லை. பிறகு அந்த மெயில் சேவையையே மூடிவிட்டார்கள்.

கட்டப்பனையில் ஒரு கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். "பழைய மெயிலல்லே அங்கிள், களஞ்ஞேக்கு" என்றான் பையன். தூக்கிப் போட வேண்டுமாம். இவன் அப்பா இவனுக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பாரா?

கடைசியில் அக்கா மகன்தான் வழி சொன்னான். தண்டர்பேர்டில் உதவிப் பட்டியல் வழியாகப் போனால் மெயில்கள் எல்லாம் கிடக்கும் 'புரொஃபைல் ஃபோல்டர்' எங்கே இருக்கிறது என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அப்படியே பென்டிரைவில் எடுத்து அவன் லேப்டாப்பில் போட்டோம். அங்கே தண்டர்பேர்டில் என் ஜிமெயில் கணக்கை ஐமேப் முறையில் சேர்த்து, 'பழையது' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, பழைய இன்பாக்ஸிலிருந்து இருநூறு இருநூறாக நகல் எடுத்துப் போட்டோம். நகல்தான், நகர்த்த வேண்டாம், பாதியில் நெட் போனால் வம்பு. ஐமேப்பில் போட்டது சர்வருக்கே போய்விடும், அங்கிருந்து டேப்லெட் எடுத்துக்கொள்ளும். ஜிமெயிலில் இலவச இடம் 15 ஜிபி, எனக்கு அதில் ஒரு மூலைகூட நிறையவில்லை. ஆனால் இங்கே நெட் இருக்கும் லட்சணத்துக்கு இரண்டு ராத்திரி ஆனது.

இதைவிட நல்ல வழி இருக்கிறது என்று கணினி படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இருக்கலாம். எனக்கு வேலை நடந்தது, சொல்கிறேன்.

டேப்லெட்டில் முதலில் திறந்த மெயில் 2010-இல் வந்தது. "அப்பா, காய் என்ன விலை போகுது?" என்று ஆங்கில எழுத்தில் தமிழ். அந்தக் கேள்வியை 2019-இல் கேட்டிருக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் மழையில் செடி அழுகிப் பாதித் தோட்டம் போனது. மறு வருஷம் புற்றடி ஏலச் சந்தையில் காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டபோது என் ஸ்டோரில் உலர்த்த ஒரு மூட்டைகூட இல்லை. விலை ஏறியது என்று பேப்பரில் படித்துவிட்டுச் சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். சரி, அதை விடுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். டேப்லெட்டின் ஜிமெயில் செயலி சாதாரணமாக 30 நாள் மெயிலைத்தான் உள்ளே வைத்துக்கொள்ளும். மற்றதைத் திறக்க நெட் வேண்டும். கரண்டும் டவரும் போகும் ஊர் என்றால் அமைப்பில் போய் நாள் கணக்கைக் கூட்டிவிடுங்கள். பழைய கணினியை உடனே காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம். என்னுடையது இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.