பழைய சிஜே 3பி டீசல் ஜீப்பைச் சீரமைக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 1970-களில் பதிவான மஹிந்திரா சிஜே 3பி ஜீப் ஒன்று விலைக்கு வருகிறது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு யாரோ டீசல் எஞ்சின் ஏற்றியிருக்கிறார்கள். ஃபோர்வீல் வேலை செய்கிறதாம். இதைச் சீர்செய்து, பெரிய டயர், டிஸ்க் பிரேக் போட்டு மலைப்பக்கம் ஓட்ட ஆசை. எதில் தொடங்குவது?

பதில்:

எஞ்சினில் தொடங்காதீர்கள். டயரில் தொடங்கவே தொடங்காதீர்கள். பாதியில் நின்று ஷெட்டில் தூங்கும் ஜீப்புகளில் பெரும்பாலானவை புது டயரும் புது பெயின்டும் பார்த்தவைதான். பணம் அங்கேயே தீர்ந்திருக்கும். காகிதம், சேஸ், முன் ஆக்சில், பிரேக், அப்புறம்தான் மற்றது. எஞ்சின் கடைசி.

வாங்கும் முன் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே பெட்ரோல் என்று இருந்து, பானட்டுக்குள் டீசல் இருந்தால் அது நீங்கள் விலை கொடுத்து வாங்கும் வழக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. எரிபொருளும் எஞ்சின் எண்ணும் ஏற்கெனவே திருத்திப் பதிவாகியிருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். 'வின்டேஜ் பதிவு வாங்கிக்கலாம் சார்' என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். 2021-இல் வந்த அந்த விதி 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு. எஞ்சின் மாற்றிய ஜீப் அதில் வராது; வந்தாலும் அந்தப் பதிவோடு தினசரி ஓட்ட முடியாது.

சேஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பின்னாளில் சேஸை சேண்ட் பிளாஸ்ட் செய்யும்போது அந்த இடத்தில் மட்டும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். எண் தேய்ந்துபோனால் எஃப்.சி.யில் பதில் சொல்ல முடியாது.

அடுத்து சேஸ். பாடியைத் தூக்காமல் சேஸ் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் அவர் பார்க்கவில்லை. துரு தின்னும் இடங்கள்: பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் ஹேங்கர்கள், பாடி மவுண்ட்டுக்கு அடியில், இரட்டைத் தகடாக இருக்கும் முன்பகுதியின் உட்புறம். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று பேசும், துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். விரிசல் அதிகம் வருவது ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில். விரிசல் முடியும் நுனியில் 3 மி.மீ. துளை போட்டு, 'வி' வடிவில் கிரைண்ட் செய்து, 7018 ராடு கொண்டு வெல்ட் வையுங்கள். மேலே பட்டைத் தகடு வைப்பதானால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்ட் ஓடினால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டின் ஓரத்திலேயே வரும். கடைசியாக, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றா என்று பாருங்கள்.

முன் ஆக்சிலில் நேரம் செலவழிக்கலாம், தப்பில்லை. 50 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் இறங்கினதும் ஸ்டீயரிங் கையைவிட்டுப் பறந்து ஆடுகிறதே, அதற்கு ஊரில் முதலில் சொல்லும் வைத்தியம் ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பர். டாம்பர் நோயை மறைக்கும், அவ்வளவுதான். இந்த ஆக்சிலில் நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் மூட்டு) மேலும் கீழும் இரண்டு கிங்பின் டேப்பர் பேரிங்கில் திரும்புகிறது. பேரிங் தேய்ந்தாலோ, இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான ஷிம் அதிகமானாலோ பிடிமானம் போய்விடும். டை ராடையும் நக்கிள் ஆயில் சீலையும் கழற்றிவிட்டு, நக்கிள் ஆர்மின் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். நக்கிள் நகர 5.5 முதல் 7 கிலோ வரை இழுவை வேண்டும். குறைந்தால் மேலும் கீழும் சம அளவில் ஷிம்மை எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட் மையம் விலகும். அதன் பிறகு டை ராடு எண்ட், நடுவிலுள்ள பெல் கிராங்க் புஷ், ஸ்பிரிங் புஷ் என்று ஒவ்வொன்றாக ஆட்டம் பாருங்கள். டோ இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிக் குறுகும் அளவு) 1.2 முதல் 2.4 மி.மீ., கேஸ்டர் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 3 டிகிரி. ஸ்பிரிங் நுனியைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கி உயரம் கூட்டியிருந்தால் கேஸ்டர் மாறியிருக்கும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் சரிவுத் தகடு வைத்துத்தான் திரும்பப் பெற முடியும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளிலுள்ள கிராஸுகளைத் தின்னும் வேலை.

பின் ஆக்சிலில் ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய சிஜே பின் ஹப், ஷாஃப்டின் கூம்பு முனையில் சாவிக்கட்டையோடு உட்காரும். நட்டை 200 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இறுக்க வேண்டும். தளர்ந்தால் சாவிக்கட்டை அறுந்து 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பின் கியர் போட்டாலும் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் நிற்கும். கழற்ற புல்லர் மட்டும். சுத்தியலால் அடித்தால் உள்ளே பேரிங்குக்கு அடி. இன்னொன்று: பழைய வண்டிகளில் இடதுபக்க வீல் ஸ்டட் இடப்பிரி, நட் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். தலையில் 'எல்' குறி இருக்கும். தெரியாமல் நீளக் குழாய் மாட்டி வழக்கம்போல் திருப்பி ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம்.

ஹேண்ட் பிரேக் பற்றித் தெரியாமல் ஜாக்கி போடக் கூடாது. இந்த வண்டியில் அது சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருளும், ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்திருந்தாலும். கட்டை வைத்துவிட்டுத் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் அங்குள்ள அவுட்புட் ஆயில் சீலைப் பாருங்கள். கசிந்த எண்ணெய் லைனிங்கை நனைத்திருக்கும்.

கால் பிரேக்குக்கு வருவோம். சிஜே 3பி-இல் 9 அங்குல டிரம், ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். ஒரு வீல் சிலிண்டர் கப் கிழிந்தால் நான்கு சக்கரமும் போச்சு. எனவே டிஸ்க்குக்கு முன்னால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், அதுதான் உயிர் காக்கும் மாற்றம். அடுத்து 11 அங்குல டிரம். பிந்தைய ஜீப்புகளின் பாகம், பழைய வண்டியில் ஏற்றுவது வழக்கமான வேலை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். டிஸ்க் கிட் போடுவதானால் சக்கரம் 5 ஸ்டட், 139.7 மி.மீ. வட்டம்; ரிம்முக்குள் கேலிப்பர் இடிக்கிறதா என்று வாங்கும் முன் பொருத்திப் பாருங்கள். டிஸ்க்குக்கு, வேக்கத்தால் (உறிஞ்சு விசை) பெடலுக்கு வலு சேர்க்கும் பூஸ்டர் வேண்டும். டீசல் எஞ்சின் மேனிஃபோல்டில் பூஸ்டருக்குப் போதுமான வேக்கம் இருக்காது. ஆல்டர்னேட்டர் முதுகில் வேக்கம் பம்ப் உள்ள மாடல் தேவை, அதற்கு எஞ்சினிலிருந்து ஆயில் லைனும் வேண்டும். இது இல்லாமல் பூஸ்டர் மட்டும் மாட்டியிருந்தால் பெடல் கல்லாகத்தான் இருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஸ்பைசர் 18. வலுவான சரக்கு. லோ கியர் விகிதம் 2.46. இரண்டு பக்க அவுட்புட்டும் வலப்புறம் ஒதுங்கியிருப்பதால், நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள வேறு வண்டி ஆக்சிலை அப்படியே போட முடியாது. ஓடும்போது கியர் நழுவினால் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கும் அதன் ஷிம்மும் காரணம். முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே போய், டிரான்ஸ்ஃபர் கேஸ் நிரம்பி வழிந்தால் நடுவிலுள்ள சீல் போய்விட்டது. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ரகம் 90 ஆயில். ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு ஆகாது. தார்ச்சாலையில் ஃபோர்வீல் போட்டு ஓட்டாதீர்கள். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முறுக்கு ஏறி லிவர் வெளியே வராது.

இப்போது எஞ்சின். எது ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வண்டியின் குணமே மாறும். இந்தியாவில் பொதுவாக மூன்று. எம்டி 2350: இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சம். டிஐ 2523 சிசி: போர் (சிலிண்டர் விட்டம்) 88.9, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓட்டம்) 101.6 மி.மீ., அதே டிராக்டர் குடும்பத்தின் அளவு. பெஷோ எக்ஸ்டிபி 4.90: 2112 சிசி, போர் 90, ஸ்ட்ரோக் 83 மி.மீ., நிமிடத்துக்கு 4500 சுற்றில் 62 குதிரைத்திறன். முதல் இரண்டும் மெதுவாகச் சுற்றி இழுப்பவை. பெஷோ சுற்றினால்தான் வேலை செய்யும்.

இதில்தான் பலரும் சறுக்குவது. சிஜே 3பி-இன் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் சுற்றைக் குறைக்கும் பல்சக்கர ஜோடி) 43க்கு 8 பல், அதாவது விகிதம் 5.38. பெட்ரோல் எஞ்சினுக்காக வைத்தது. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். டாப் கியரில் 2500 சுற்றில் வேகம் 61 கி.மீ. மட்டுமே. டிஐ எஞ்சின் அதற்கு மேல் அலறும், ஓட்டுபவர் எஞ்சினைத் திட்டுவார். அதே எஞ்சினுக்கு 4.88 போட்டால் 68, 3.73 போட்டால் 88. பெஷோ என்றால் 5.38-லேயே 4000 சுற்றில் 98 வரும். அதற்குக் கிரவுன் மாற்றத் தேவையே இல்லை. விகிதம் மாற்றினால் முன் பின் இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கைகளில் இருந்து வரும் வண்டியில் இரண்டும் வேறுவேறாக இருப்பது சகஜம். பார்க்கும் வழி: டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுதான் விகிதம். முன்பக்கமும் அதேபோல, சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் இருந்தால் லாக் செய்துகொள்ளுங்கள்.

31 அங்குல டயர் போட்டால் டிஐ-யோடு 5.38-உம் கொஞ்சம் சமாளிக்கும், 2500-இல் 67 வரை வரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66-இல் போவீர்கள், பிரேக் தூரம் கூடும், பழைய ஸ்டீயரிங் பாக்ஸ் கதறும். ரிம் அகலமும் மாற்ற வேண்டும். மலைக்கு 7.00-16 போதும், ஒல்லி டயர் சேற்றை வெட்டி இறங்கிப் பிடிக்கும்.

எஞ்சின் ஏற்றிய விதத்தையும் சோதியுங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட் லேத்தில் செய்தது, மையம் சரியாக இருக்காது. ஃபிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, பெல் ஹவுசிங் துளையைச் சுற்றி அளந்தால் விலகல் மொத்தம் 0.25 மி.மீ.க்குள் வர வேண்டும். தாண்டினால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் அடிக்கடி போகும், டாப் கியர் தானாகக் கழலும். கியர்பாக்ஸை எத்தனை முறை பிரித்தாலும் தீராது. மையத்தைப் பிடித்து நிறுத்தும் டவல் பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பியிருந்தால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

டீசல் லைனில் ஒரு திருட்டுக் குறை உண்டு. பெட்ரோல் டேங்கில் ரிட்டர்ன் குழாய் கிடையாது. சோம்பேறித்தனமாக ரிட்டர்னைச் சப்ளை லைனிலேயே சேர்த்திருப்பார்கள். காற்று வெளியேற வழியின்றிச் சுற்றிச் சுற்றி வரும், மேடு ஏறும்போது எஞ்சின் விக்கும். டேங்கைக் கழற்றி ரிட்டர்னுக்குத் தனிக் குழாய் வையுங்கள். பழைய டேங்கில் வெல்டிங் செய்யும் முன் நன்றாகக் கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான். வேறெங்கோ காற்று எடுக்கிறதா என்று அறிய, டீசல் பம்புக்கு முன் உள்ளே தெரியும் ஹோஸ் அரையடி போட்டால் குமிழ் தெரியும். பெரும்பாலும் டீசல் குழாயை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர்தான்.

எஞ்சின் நிலை பார்க்க, காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போய்ச் சேரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக வைத்தால் அது துள்ளி விழக் கூடாது. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கோளாறு ஹெட்டில். பெஷோவின் ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே வளையும். வெட் லைனர் (தண்ணீர் நேராகத் தொடும் சிலிண்டர் உறை) என்பதால் ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது, லைனர் பிளாக்குக்கு மேல் நீட்டும் மேட்டை அளக்காமல் மூடக் கூடாது. பெஷோ ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் பம்பைத் தொடும் முன் ஹீட்டர் பிளக். மேலுள்ள இணைப்புப் பட்டையை எடுத்துவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக் நுனியையும் தொடுங்கள். எரியாதது செத்தது. இழுவை கூட்டுகிறேன் என்று மெக்கானிக் பம்ப் ஸ்க்ரூவைத் திருப்ப வந்தால் தடுத்துவிடுங்கள். கறுப்புப் புகையும் வெடித்த ஹெட்டும்தான் மிச்சம்.

வயரிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாகப் புதிதாக இழுங்கள், ஃபியூஸ் பாக்ஸோடு. பாடி துருவில் போயிருந்தால் பட்டி பூசி ஒப்பேற்றுவதைவிடப் புது டப் (பாடிக் கூடு) மலிவு. அரியானாவின் மண்டி தப்வாலி பக்கம் இதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன, சில்லறைப் பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை. பெயின்ட் அடிப்பதற்கு முன் வண்டியை 500 கி.மீ. ஓட்டி, ஸ்பிரிங் யூ போல்ட், பின் ஹப் நட், எஞ்சின் மவுண்ட் மூன்றையும் திரும்ப இறுக்கி, எங்கெங்கே எண்ணெய் கசிகிறது என்று பார்த்துவிடுங்கள். கழற்ற வேண்டியது எதுவானாலும் அப்போதே தெரிந்துவிடும்.