ரீச்சரிடம் கேளுங்கள்: எங்கள் பிள்ளை பெரிய கழகத்துக்குப் பொருந்துவாளா?

கேள்வி: வணக்கம் ரீச்சர். என் அக்காவின் மகளுக்கு 19 வயது. எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தில் முன்வரிசையில் விளையாடுகிறாள். இந்தப் பருவத்தில் அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவளுடையவை. கொழும்பில் பெரிய கழகம் ஒன்று அவளைக் கேட்கிறது. அங்கே போனால் நின்றுபிடிப்பாளா? வீடியோக்கள் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு மாமா, தெல்லிப்பழை

பதில்: தம்பி, நீங்கள் முதலில் அனுப்பியதில் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டி, மேலே சினிமாப் பாட்டும் போட்டிருந்தீர்கள். அப்படி வெட்டினால் நானும் நல்ல வீராங்கனைதான். கேட்டு வாங்கிய இரண்டு முழு ஆட்டங்கள்தான் உதவின.

முதல் ஆட்டத்தில் எதிரணியின் பின்வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் வெறும் வெளி. பிள்ளை ஓஃப்சைட்டில் மாட்டாமல் ஒரு கணம் பொறுத்து, பந்து அடிபட்டதும் புறப்படுகிறாள். அந்த ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. மூன்று கோலும் ஒரே மாதிரி. சரி, சந்தோஷம். ஆனால் பெரிய கழகத்துக்குப் போனால் இந்த வெளி அடிக்கடி கிடைக்காது. அவர்களோடு மோதும் சின்ன அணிகள் பத்துப் பேரையும் பெனால்டி எல்லைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சமநிலை கிடைத்தாலே போதும் என்று இருப்பார்கள். அங்கே காலில் எவ்வளவு வேகம் இருந்தாலும் ஓட இடம் வேண்டுமே.

அதனால் இரண்டாவது ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எதிரணி ஐந்து பேரைப் பின்னால் வைத்திருக்கிறது. இவளுக்குப் பந்து வரும்போதெல்லாம் முதுகோடு ஒட்டி ஒருத்தி நிற்கிறாள். வலது காலால் நிறுத்தும் பந்து ஒரு முழம் தள்ளிப் போகிறது, உடனே பறிபோகிறது. கோலைப் பார்த்தே ஓடிப் பழகியவளுக்கு, கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தைக் காப்பது புதுசு. இது பயிற்சியில் திருந்தும். ஒரு தோழியை முதுகில் கை வைத்துத் தள்ளச் சொல்லி, பந்தை வாங்கி, ஒரே தொடுகையில் திருப்பிக் கொடுக்கப் பழக்குங்கள். இடது காலையும் சேர்த்துத்தான்.

இரண்டாம் பாதியில் நடந்ததைக் கவனித்தீர்களா? வலப்பக்கமிருந்து பந்து வரும்போது இவள் கோலின் கிட்டக் கம்பத்தை நோக்கிப் பாய்கிறாள். தடுப்பவர்கள் இரண்டு பேர் அவளோடு இழுபட்டுப் போகிறார்கள். பந்து எல்லோரையும் தாண்டிப் போக, பின்னால் வந்த உங்கள் தலைவி சும்மா தட்டிவிடுகிறாள். கோல் தலைவியின் கணக்கில். எனக்கோ முதல் ஆட்டத்தின் மூன்று கோல்களைவிட இந்த ஓட்டம்தான் பிடித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானாக வந்தது என்றால், அந்தக் கொழும்புக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கோல் கணக்கில் பெனால்டியைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். நாலுக்கு மூன்று எப்படியும் உள்ளே போகும். பெரிய கழகத்தில் அதை அடிக்க ஏற்கெனவே ஒருத்தி இருப்பாள்.

போனவுடன் கோல் வராவிட்டால் ஊரில் கதைப்பார்கள், கதைக்கட்டும். அவுஸ்திரேலியாவின் முன்வரிசை வீராங்கனை சாம் கெர் 2020 தொடக்கத்தில் இங்கிலாந்தின் செல்சி கழகத்துக்கு வந்தார். கொரோனாவால் பாதியில் நின்ற அந்தப் பருவத்தில் லீக்கில் அவர் போட்டது ஒரே ஒரு கோல். அடுத்த பருவத்தில் 21, அதற்கடுத்ததில் 20. இரண்டு முறையும் இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் அவருடையதுதான்.

என் முடிவு: போகட்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் அந்தப் பயிற்றுநரிடம் நேரே கேளுங்கள். முன்னால் ஒருத்தியை வைத்து விளையாடுகிறீர்களா, இரண்டு பேரையா? ஒருத்திதான் என்றால், இப்போது அந்த இடத்தில் இருப்பவர் யார்? பெஞ்சில் இருந்து பருவம் முழுக்கக் கைதட்டுவதற்கு 19 வயதில் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. முழங்காலைப் பார்க்க ஃபிசியோ இருக்கிறாரா என்றும் கேளுங்கள். முழங்காலின் சிலுவை நார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அறுந்தால் பல மாதம் மைதானத்தை மறக்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, சிங்களம் எல்லாவற்றையும் அவளே சமாளித்துக்கொள்வாள். உங்களுக்குத்தான் அது பெரிய கவலை போலத் தெரிகிறது.

கேள்வி: இங்கிலாந்தின் ரேச்சல் டேலி 2022இல் ஐரோப்பியக் கிண்ணமான யூரோவை வென்றபோது இடது பின்வரிசையில் நின்றார். அடுத்த பருவமே அஸ்டன் வில்லா கழகத்துக்கு 22 கோல் போட்டாரே, எப்படி?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மாயம் ஒன்றும் இல்லை, தங்கச்சி. அமெரிக்காவில் ஹூஸ்டன் அணிக்கு அவர் முன்வரிசையில் கோல் போட்டவர்தான். தேசிய அணிக்குப் பின்னால் ஆள் தேவைப்பட்டது, அங்கே நின்றார். வில்லா அவரை முன்னால் விட்டது. 22 என்பது அந்த லீக்கில் ஒரு பருவத்துக்கு ஆர்சனல் வீராங்கனை மீடமா வைத்திருந்த சாதனைக்குச் சமம். தெல்லிப்பழை மாமா இதையும் வாசித்தால் நல்லது. கொழும்பில் பிள்ளையை முன்னால் நடுவில் விடாமல் ஓரத்தில் விளையாட விட்டால், உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.